திரும்பி வரும் பேருந்து புத்தகத்தில் இருக்கிறதா?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனவர்கள் “யாருக்கும் தெரியாத”, “இதுவரை காணாத” என்று அட்டையில் போட்ட பயண நூல்களை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சிலர் அவற்றை நம்பிப் போயும் பார்த்துவிட்டீர்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பகுதியை எழுத வருவதற்கு முன்னால் 11 வருடம் திருச்சியில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தேன். கைக்கு வந்தவற்றில் வழிகாட்டி நூல்கள் நிறைய. எழுத்துப்பிழை பார்க்க உட்கார்ந்தவளுக்குத் தூரமும் நேரமும் சரியா என்று பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்னும் விடவில்லை. சரி, கடிதங்களுக்குப் போவோம்.

கேள்வி: அக்கா, கடையில் இந்த மாதிரிப் புத்தகம் பத்துப் பன்னிரண்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. நின்றபடி ஐந்து நிமிடத்தில் நல்லதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, திருப்பூர்

முடியும் அம்மா. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஊரின் பக்கத்தை எடுங்கள். எல்லோரும் தெரியாத ஊரைத்தான் முதலில் புரட்டுவார்கள். அங்கே எழுதியவர் சொன்னதை அப்படியே நம்புவதைத் தவிர நமக்கு வழியில்லை. தெரிந்த ஊரில் மாட்டிக்கொள்வார்.

நான் எப்போதும் தரங்கம்பாடியை எடுப்பேன். “நாகப்பட்டினம் மாவட்டம்” என்று இருந்தால் 2020-க்கு முந்தைய எழுத்து. இப்போது அது மயிலாடுதுறை மாவட்டம். அடுத்து, “ஓசோன் காற்று நிறைந்த கடற்கரை” என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பேன். எத்தனை புத்தகத்தில் இந்த வரியைத் திருத்தச் சொல்லிப் பென்சிலில் குறித்திருப்பேன்! ஓசோன் வானத்தில் உயரே இருந்தால்தான் நமக்குக் காப்பு. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கெடுதல். கேட்க நன்றாக இருக்கிறது என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டை, கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சான இடம் என்று சொல்வதற்கு இத்தனை உள்ள ஊரில், காற்றைப் பற்றித் தவறாக ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார் என்றால் அவர் அங்கே எவ்வளவு நேரம் நின்றிருப்பார்?

தஞ்சைப் பெரிய கோயிலும் அப்படித்தான். “கோபுர நிழல் தரையில் விழாது” என்று இருந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள். காலையிலோ மாலையிலோ போனவர் யாரும் அதை எழுதமாட்டார்கள். நிழல் நன்றாகவே விழுகிறது, அதில் உட்கார்ந்து நான் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் உரிமைப் பக்கம். “மறுபதிப்பு” வேறு, “திருத்திய பதிப்பு” வேறு. மறுபதிப்பு என்றால் பழைய பக்கங்களை அப்படியே திரும்ப அச்சடித்தது. சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களைக் கோயம்பேட்டில் பேருந்து ஏறச் சொல்கிறதா பாருங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு அந்தக் கதை மாறிவிட்டது. ராமேசுவரமும் நல்ல உரைகல். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்றது. அந்த நடுக்காலத்தில் வந்த புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், எழுதியவர் நிலையத்துக்குப் போகவே இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம், திரும்பி வரும் வழி. போகும் வழியை வரைபடத்தைப் பார்த்து வீட்டிலிருந்தே எழுதிவிடலாம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அது வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் அங்கே காத்து நின்றவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: நீங்களே புத்தகத்தை நம்பிப் போய்க் கஷ்டப்பட்டதுண்டா?
– வாசகர், கரூர்

உண்டு. நார்த்தாமலையில்.

திருச்சி–புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. அங்கே மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் என்ற பழைய சிவன் கோயில். புத்தகம் சொன்னது: “நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடை.” பங்குனி மாதம், நானும் என் அக்காவும் போனோம். நெடுஞ்சாலையில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. ஊருக்குள் போகவே அரை மணி ஆயிற்று. ஊரைத் தாண்டினால் பாறை. மரமே இல்லாத வழுக்குப்பாறை, வெயிலை அப்படியே வாங்கி முகத்தில் அடிக்கிறது. கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். பத்து நிமிடம்தானே என்று எடுத்துப் போனது.

மேலே போய்ச் சேர்ந்தபோது வந்த களைப்பு போய்விட்டது, அதையும் சொல்ல வேண்டும். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். மேற்கே பார்த்த கோயில், எதிரே இரண்டு குடைவரை, ஒன்றில் சுவர் நெடுக வரிசையாகத் திருமால் உருவங்கள், பன்னிரண்டு. அக்கா ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள். ஆனால் சோழீச்சரத்தின் கதவு பூட்டியிருந்தது. காவலர் சாப்பிடக் கீழே போயிருந்தார். புத்தகத்தில் பூட்டைப் பற்றி எதுவும் இல்லை.

இறங்கும்போது அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயா தன் தூக்குவாளியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தார். உப்பு போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டது. அக்கா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். “மாரியம்மன் தேருக்கு வந்தா பஸ்ஸு வரிசையா நிக்கும். இந்த வேளையில யாரு வரச் சொன்னா?” என்று கேட்டார் ஆயா.

புத்தகம்தான் சொன்னது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் திரும்பியதும் நூலை வெளியிட்டவர்களுக்குக் கடிதம் போட்டேன்: காலை எட்டு மணிக்குள் ஏறுங்கள் என்று ஒரு வரி, காவலர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள் என்று ஒரு வரி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்று ஒரு வரி. இந்த மூன்று வரியைச் சேர்க்கச் சொன்னேன். அடுத்த பதிப்பிலும் “பத்து நிமிட நடை”தான். ஒருவருக்கு மயக்கம் வந்த பிறகும் அந்த வரி அப்படியே இருப்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: குறையாகவே சொல்கிறீர்களே, நல்ல வழிகாட்டி என்றால் எப்படி இருக்க வேண்டும்?
– ஆசிரியர், ஸ்ரீரங்கம்

ஐயா, உங்களுக்குத் தெரியாததா! சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையை எடுங்கள். மதுரைக்கு வழி எது என்று கோவலன் கேட்கிறான். மாங்காட்டு மறையோன் முதலில் வழியைச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து பாலையாகிக் கிடக்கும் வேனிலில் இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்கிறான். முதலில் பருவம், அதன் பிறகுதான் பாதை. கொடும்பையின் குளக்கரையில் வழி மூன்றாகப் பிரியும், சிவபெருமானின் சூலம் போல. வலப்பக்க வழியில் என்னென்ன மரம், எங்கே தண்ணீர்த் தவிப்பு, சிறுமலையை எந்தப் பக்கம் விட்டு நடப்பது. இடப்பக்க வழியில் என்ன மயக்கும். நடு வழியில் எந்தத் தெய்வம் வந்து மறிக்கும். ஒவ்வொன்றிலும் உள்ள இடரைச் சொல்லிவிட்டுத்தான் விடுகிறான். நார்த்தாமலையிலிருந்து வந்த வாரம் இதைப் படித்தேன். ஆயா கேட்ட அதே கேள்வி!

அந்தக் கொடும்பைதான் இன்றைய கொடும்பாளூர். திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டியதும் வரும். அங்கே மூவர் கோயில். ஒருமுறை என்னிடம் மெய்ப்புக்கு வந்த பிரதியில் “கம்பீரமாக நிற்கும் மூன்று விமானங்கள்” என்று இருந்தது. இருக்கவே முடியாது. அந்த ஊரை ஆண்ட பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயரிலும் மூன்று எழுப்பினார், உண்மை. ஆனால் இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதன் அடித்தளம் மட்டும்தான் இருக்கிறது. எழுதியவரைத் தொலைபேசியில் கேட்டேன். “மூவர் கோயில் என்றால் மூன்றுதானே?” என்றார். அங்கே போயிருந்தால் அந்த வெறும் அடித்தளத்தை மறந்திருக்கமாட்டார். பக்கத்தில் இரண்டும் அவ்வளவு அழகாக நிற்கும்போது அந்த வெற்றிடம்தான் கண்ணை உறுத்தும்.

கேள்வி: படங்கள் நிறைய இருக்கும் புத்தகம் நல்லதா?
– வாசகி, விருத்தாசலம்

வழுவழு தாளில் முழுப்பக்க அருவி ஒன்றைவிட, போகும் பாதையின் சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உதவும். அருவிப் படம் என்றால் எந்த மாதம் எடுத்தது என்று கீழே போட்டிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: அப்பா வைத்திருந்த முப்பது நாற்பது வருடப் பழைய வழிகாட்டி நூல்கள் வீட்டில் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

தயவுசெய்து வேண்டாம். பேருந்து நேரத்துக்கு அவை உதவாது, ஊரின் நினைவுக்கு உதவும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் இருப்பதாகப் போட்டிருந்தால் அது 1986-க்கு முந்தைய புத்தகம். அந்த வருடத்தோடு அந்தப் பாதை மூடப்பட்டது. தனுஷ்கோடிப் பக்கத்தில் மணலில் வேன் ஏறிப் போகச் சொல்லியிருந்தால் 2017-க்கு முந்தையது. இப்போது அரிச்சல்முனைவரை தார்ச்சாலை. அப்பா ஓரத்தில் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அச்சில் இருப்பதைவிட அதைத்தான் நான் முதலில் படிப்பேன்.

கேள்வி: கொல்லிமலை எங்கள் ஊர். “மனிதக் காலடி படாத மலை” என்று ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். எங்களைப் பார்த்தால் மனிதர்களாகத் தெரியவில்லையா?
– வாசகர், கொல்லிமலை

உங்கள் கோபம் முழுக்க நியாயம் தம்பி. எனக்கும் அதே கோபம். தனி ஊராட்சி ஒன்றியமாக இருக்கும் மலை அது. மிளகும் பலாவும் வாழையும் விளைகிறது, சோளக்காட்டில் சந்தை கூடுகிறது, வல்வில் ஓரியின் பெயரில் ஆடியில் அரசு விழா நடக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பேருந்து ஏறி இறங்குகிறது. அதில் ஏறித்தான் அந்த எழுத்தாளரும் வந்திருக்க வேண்டும், வந்திருந்தால்.

“தெரியாத இடம்” என்ற சொல்லைப் பார்த்தாலே, யாருக்குத் தெரியாத இடம் என்று நான் கேட்பேன். நார்த்தாமலை கோயில் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், முத்துமாரியம்மனைக் கும்பிட வருகிறவர்களுக்கு அது தெரியாத ஊரா? நல்ல நூல் எழுதுகிறவர் உள்ளூர்க்காரர் சொன்னதைக் கேட்டு எழுதுவார். எங்கே சாப்பிட்டார், யார் வழி சொன்னார்கள் என்று ஏதாவது ஓரிடத்தில் வந்துவிடும். இருநூறு பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேல் படிகள். பல நூல்கள் “படி இறங்கினால் அருவி” என்று முடித்துவிடுகின்றன. அதே படிகளில் ஏறித்தானே திரும்ப வேண்டும்? முழங்கால் வலி உள்ள ஒரு தாயாரைக் கூட்டிப் போகும் பிள்ளைக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

கேள்வி: நாங்கள் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர். ஒரு புத்தகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் “ரகசியப் பாதை” என்று வழியோடு போட்டிருக்கிறது. மார்ச்சில் போகலாம் என்று இருக்கிறோம். உங்கள் ஆலோசனை?
– மாணவர், மதுரை

போகாதீர்கள் தம்பி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் உங்களை மாதிரிச் சின்ன வயதுக்காரர்கள். மலைச்சரிவில் வளரும் போதைப்புல் மார்ச்சில் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று மலையடிவாரத்து ஆள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பொறி போதும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் நெருப்பு மனிதனைவிட வேகமாக ஏறும்.

வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும்படி திறந்திருக்கிறது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஊர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாகக் கூட வருவார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், திறந்த பிறகு போங்கள். அனுமதி என்ற சொல்லே இல்லாமல் காட்டுவழி சொல்லும் புத்தகத்தை நண்பர்களுக்கும் கொடுக்காதீர்கள். போகும்போது வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், இதை உங்கள் அம்மாவின் இடத்தில் நின்று சொல்கிறேன்.

கேள்வி: இணையத்தில் மலிவு விலையில் மின்னூல்கள் கிடைக்கின்றன. கணினியே எழுதியதாக இருக்குமோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, ஓசூர்

2023-இலிருந்தே அப்படிப்பட்ட பயண நூல்கள் உலகமெங்கும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. எழுதியவர் வேறு என்ன எழுதியிருக்கிறார், எந்த ஊர்க்காரர் என்று தேடுங்கள். உள்ளே எல்லா ஊரும் “அமைதியான”, “மனதைக் கவரும்” என்று ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும். ஓரிடத்திலும் ஏமாற்றம் இருக்காது, மழை பெய்யாது, கடை மூடியிருக்காது. மனிதர் எழுதியதாக இருந்தாலும் அப்படிப்பட்ட புத்தகம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் மலைப்பாறை ஒன்றில் பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. போன வருடம் ஒரு புத்தகத்தில் வழியோடு போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கில் கூட்டமாக வருகிறார்கள். ஓவியத்தின் மேலேயே பேரைச் செதுக்கிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் பொங்கலுக்குத் தண்ணீர் எடுக்கும் சுனையில் பாட்டில் மிதக்கிறது. என்ன செய்வது?
– (ஊரின் பெயரை நான்தான் நீக்கினேன்)

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்தை மூன்று நாளாக மேசை மேல் வைத்திருக்கிறேன். காவி நிறத்தில் ஒரு மான், அதன் முதுகுக்குக் குறுக்கே சாவியால் கீறிய ஓர் எழுத்து. கீறலின் உள்ளே பாறை வெள்ளையாகத் தெரிகிறது. இனி அந்த இடத்தில் வண்ணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சித்தன்னவாசலில் காவலும் கட்டணமும் தொல்லியல் துறையும் இருப்பதால்தான் அந்தக் குகைக்கோயிலின் தாமரைக்குள ஓவியம் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது. உங்கள் பாறைக்குக் காவல் என்று இருப்பது நீங்கள் மட்டும்தான். அதனால் இதை உடனே செய்யுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள்: பாறைக்குப் போகிறவர்கள் ஊரில் சொல்லிவிட்டு, ஊர் ஆள் ஒருவரோடுதான் போக வேண்டும் என்று. படங்களோடு மாநிலத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். தீர்மானத்தால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் என்று 2024-இல் ஏலம் விட்டபோது, ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம் போட்டு மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். உங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லாத் தூரமும் சரி, எழுதியவர் நிச்சயம் வந்திருக்கிறார். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நல்லவிதமாகப் பார்த்து எழுதியவர்தான், ஆனால் பாறையில் காவல் இல்லை என்பதைப் பார்த்த பிறகும் ஒற்றையடிப் பாதையை மரம் மரமாகக் குறித்துக் கொடுத்துவிட்டார். அவருக்கும் வெளியிட்டவர்களுக்கும் உங்கள் படத்தின் நகலோடு எழுதியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் வழியை எடுத்துவிட்டு “ஊரில் கேளுங்கள்” என்று மட்டும் போடும்படி கேட்டிருக்கிறேன்.

கிராம சபை எந்தத் தேதி என்று எழுதுங்கள், நானும் வருகிறேன். உங்கள் ஊருக்குக் காலையில் எத்தனை மணிக்குப் பேருந்து, திரும்ப வரக் கடைசிப் பேருந்து எப்போது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.